எட்டு ஜோடி ஷூ, ஒரே தேய்மானம்

என் முதல் பேட்மிண்டன் ஷூ ஐம்பத்து மூன்று நாள் உயிரோடு இருந்தது. ஐம்பத்து நான்காம் நாள் காலையில், வலையை உரசிக்கொண்டு விழுந்த இறகுப்பந்தை எடுக்கப் பாய்ந்தபோது, வலது ஷூவின் முனை பிளந்து என் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. பந்தும் போயிற்று, பாயிண்ட்டும் போயிற்று, ஷூவும் போயிற்று. கூட ஆடிய ஏழு பேரும் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். "அக்கா, அந்த விரலுக்கும் ஒரு மெட்டி வாங்கிப் போடுங்க, பாவம், மொட்டையா நிக்குது" என்றாள் ஒருத்தி. ஆத்திரத்தில் ஷூவைக் கழற்றி வாய்க்காலில் வீசப் போனேன். கடைக்காரர் முகத்தில் வீசலாமே என்று தோன்றியதால் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் ஐயம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் கிளைத் தபால் அலுவலகம் நடத்துகிறேன். வயது நாற்பத்தாறு. வீட்டில் ஐந்து ஏக்கர் நெல். கணவர் வயலைப் பார்த்துக்கொள்கிறார், மகன் திருச்சியில் படிக்கிறான். என் கொழுந்தனார் மனைவி, அதாவது என் ஓரகத்தி, பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். என்னைவிட எட்டு வயது சின்னவள், ஒரு சாண் கூடுதல் உயரம், பொய் சொல்ல வராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, "எல்லையில நிக்குதுக்கா, இப்பவே நடந்தா தப்பிச்சீங்க" என்று பயமுறுத்தியவள் அவள்தான்.

நடந்தேன். ஆனால் தபால்காரி ஊரில் நடக்கிறது சாதாரணமா? நாலு எட்டு வைப்பதற்குள் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "எங்க மருமவன் அனுப்புன பார்சல் வந்துச்சா?" "ஆதார்ல போன் நம்பர் மாத்தணுமே, இப்ப மாத்த முடியுமா?" அவளுக்கு என்னைவிட மோசம். வழியில் நிற்கிற பாதிப் பேர் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் நாங்கள் இரண்டு தெரு தாண்டினால் பெரிய விஷயம். அப்போதுதான் ஊர் நெற்களம் கண்ணில் பட்டது. பஞ்சாயத்து போட்ட பெரிய சிமெண்ட் தரை. அறுவடைக் காலத்தில் நெல் காயும், மற்ற நாளில் ஆடு படுத்திருக்கும். அங்கே சாயங்காலம் விளக்குப் போட்டு ஊர் வாலிபர்கள் பேட்மிண்டன் ஆடுவார்கள். கோடும் கம்பமும் அவர்கள் போட்டது. காலையில் சும்மாதானே கிடக்கிறது என்று நாங்கள் புகுந்துவிட்டோம். ஒரு மாதத்தில் எட்டுப் பேர் சேர்ந்தோம்.

ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை. ஒரே ஒரு சட்டம்தான். களத்துக்குள் காலை வைத்துவிட்டால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. தபால் கிடையாது, மாத்திரை கிடையாது, ரேஷன் கடையில் எடை போடுகிறவளிடம் இந்த மாதம் பருப்பு உண்டா என்று கேட்கக்கூடக் கூடாது. கேட்டால் அவள் பக்கம் ஒரு பாயிண்ட் கழியும். நான் கல்யாணம் ஆகி வந்த இருபத்து மூன்று வருஷத்தில் என்னை யாரும் எதற்காகவும் கூப்பிடாத மணி நேரம் அது ஒன்றுதான். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டு, புடவைக்காரிகள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாங்கள் போடுகிற கூச்சலில் ஆடுகளே வேறு இடம் பார்த்துக்கொண்டன. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் இரவே சாம்பாருக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

அந்த மணி நேரத்துக்கென்று வாங்கிய ஷூ கிழிந்தால் கோபம் வராதா? சனிக்கிழமை மத்தியானமே கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினேன். ஷூ வாங்கிய கடை மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஷூவை அவர் முன்னால் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"ரெண்டு மாசம் முழுசா ஆகலை. இதைப் பாருங்க. இது ஷூவா, அப்பளமா?"

அவர் ஷூவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஊசியை எடுத்து அடிப்பக்கத்துக் கோட்டில் விட்டு நெம்பினார். ஒரு நெல்மணி தெறித்து மேஜையில் விழுந்தது. அதை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"என்ன ரகம்மா இது?"

"ஆடுதுறை நாப்பத்து மூணு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. விவசாயி வீட்டுப் புத்தி எங்கே போகும்?

"அப்ப நெற்களத்துல ஆடுறீங்க. இது மரத் தரையிலயும் ரப்பர் மேட் விரிச்ச தரையிலயும் ஆடறதுக்குச் செஞ்ச ஷூம்மா. அடி மெத்துனு இருக்கும், அப்பத்தான் தரையைப் பிடிக்கும். சிமெண்ட்டுல தேச்சா தேங்காத் துருவலாட்டம் உதிர்ந்துடும்." அடுத்து இடது ஷூவின் குதிகாலைப் பார்த்தார். "உங்க ஸ்கூட்டில பிரேக் பிடிக்கலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"காலை ஊனி வண்டிய நிறுத்துறீங்க. குதிகால் சாய்ஞ்சு தேஞ்சிருக்கு. தையலுக்குள்ள களிமண் இருக்கு, வயலுக்கும் இதையே போட்டுட்டுப் போறீங்க. வெயில்ல காய வச்சிருக்கீங்க, பசை வெளுத்திருக்கு." ஒவ்வொன்றுக்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். சண்டை போட வந்தவள் ஜோசியர் முன்னால் உட்கார்ந்தவள் ஆகிவிட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டால் என் மாமியார் பேரைக்கூடச் சொல்லிவிடுவார் போலிருந்தது.

கடைசியில் அவரே ஒரு இடத்தில் திணறினார். "இது ஒண்ணுதான் புரியலை. கட்டைவிரல் உள்பக்கம் இழுத்து இழுத்துத் தேஞ்சிருக்கு பாருங்க. ஆடறவங்களுக்குப் பின்னால வர்ற கால் இப்படித் தேயும், ஒரு கால்தான். உங்களுக்கு ரெண்டு காலும் அச்சா அப்படியே தேஞ்சிருக்கு. காலைத் தூக்கி வைக்கவே மாட்டீங்களா?"

"தூக்காம பின்ன உருண்டா வர்றேன்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் சண்டை எங்கே போடுவது? முனையில் கனத்த ரப்பர் ஒட்டிய கெட்டி ஷூ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆடும்போது மட்டும் போடணும், ஈரமானால் வெயிலில் வைக்கவே கூடாது, சூடு பட்டால் பசை விட்டுவிடும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். நெல்மணியையும் ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை களத்துக்குப் போனதும், "எல்லாரும் ஷூவைக் கழட்டுங்கடி" என்றேன். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே கழற்றினார்கள். கைப்பிடிச் சுவர்மேல் எட்டு ஜோடியையும் குப்புற அடுக்கினேன். விலை உயர்ந்தது, மலிவானது, சந்தையில் வாங்கிய சாதா கேன்வாஸ், ஒருத்தியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பளபளா ஷூ எல்லாம் இருந்தன. அத்தனையும் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தன. இரண்டு காலும், கட்டைவிரல் உள்பக்கம். நர்ஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஏதோ தொத்து வியாதிக்கா" என்றாள்.

எங்களில் ஒருத்தி நடவு, களையெடுப்பு என்று எல்லா வேலைக்கும் போகிறவள். அவள் நேராகக் களத்தின் மூலைக்குப் போனாள். அங்கே யாரோ காலையிலேயே நெல்லைப் பரப்பியிருந்தார்கள். வெறுங்காலோடு அதற்குள் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல், நெல்லை இரண்டு பக்கமும் ஒதுக்கியபடி இழுத்து இழுத்து நடந்தாள். பின்னால் உழுத சால் மாதிரி கோடு விழுந்தது. "இதாண்டி உங்க வியாதி" என்றாள்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். காயப் போட்ட நெல்லை மணிக்கு ஒரு தடவை காலால் துழாவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல் நெல் காயும், அடி நெல் ஈரமாகவே கிடக்கும். எட்டுப் பேரும் ஆறேழு வயசிலிருந்து அந்த வேலை பார்த்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அது, லீவு நாளில் அது, இன்றைக்கும் சீசனுக்கு அது. சிமெண்ட் தரையைக் கண்டதும் எங்கள் கால் துழாவ ஆரம்பித்துவிடுகிறது. அதன் மேலே நாங்கள் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம்! ஷூ பாவம் என்ன செய்யும்?

அடுத்த பத்து நிமிஷம் எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. எட்டுப் பேரும் நெல்லுக்குள் இறங்கி, கையில் ராக்கெட்டோடு, முன்னும் பின்னுமாக வரிசை கட்டித் துழாவினோம். ஒருத்தி திரும்பும் இடத்தில் ராக்கெட்டைச் சுழற்றி ஒரு ஸ்மாஷ் அடித்தாள். இன்னொருத்தி சிரித்துச் சிரித்து நெல்மேலேயே விழுந்தாள். நெல்லுக்குச் சொந்தக்காரர் சைக்கிளில் அலறிக்கொண்டு வந்தார். "ஏம்மா, ஷூ போட்ட காலோட நெல்லுல இறங்கிட்டீங்களா?" பக்கத்தில் வந்து எங்கள் வெறுங்காலைப் பார்த்ததும் முகம் மாறியது. "அந்த ஓரத்தையும் ஒரு நடை துழாவி விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. குறுவை அறுவடை சூடு பிடித்திருந்த ஒரு நாள் காலை, சாயங்காலக் குழுவின் கேப்டன் எங்களைப் பார்க்க வந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், எனக்கு ஒருவகையில் மருமகன் முறை. நல்ல பிள்ளை. அதுதான் வயிற்றெரிச்சல், கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"அத்தை, தஞ்சாவூர்ல டோர்னமெண்ட் வருது. அதுக்கப்புறமும் வரிசையா இருக்கு. எங்களுக்குக் காலையிலயும் பிராக்டிஸ் வேணும். நீங்க ஏழரைக்கு மேல வந்து ஆடிக்கங்களேன். நீங்க சும்மா உடம்புக்குத்தானே ஆடுறீங்க?"

ஏழரைக்கு மேல் எங்களுக்கு ஏது நேரம்? ஒருத்திக்குப் பஸ், ஒருத்திக்குப் பால், எனக்குத் தபால் பை வந்துவிடும். அதைப் பதமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். கோடு போட்டது அவர்கள்தான், கேட்டதும் மரியாதையாகத்தான். ஆனால் அந்த 'சும்மா' என் காதில் போய் விழுந்துவிட்டதே.

"சும்மாவா? யாருடா சும்மா ஆடுறது? உங்கள்ல ரெண்டு பேரு வாங்க, எங்கள்ல ரெண்டு பேரு வர்றோம். இருபத்தோரு பாயிண்ட்டுக்கு ஒரே கேம். ஜெயிச்சா ஆறு மணி எங்களுது. தோத்தா இந்தக் களத்துப் பக்கமே காலையில வரமாட்டோம்!"

நர்ஸ் என் இடுப்பில் கிள்ளினாள். கேப்டனே பயந்துபோய், "ஐயோ, வேணாம் அத்தை, பேசி முடிச்சுக்கலாம்" என்றான். நான் விட்டேனா? "ஞாயித்துக்கிழமை காலையில" என்று நாளும் குறித்துவிட்டேன். அவன் போனதும் ஏழு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நான் என் வாயால் எட்டுப் பேரைக் கெடுத்து வைத்திருந்தேன். ரேஷன் கடைக்காரி அழுதேவிட்டாள். "எனக்குன்னு இருக்குறது இந்த ஒரு மணி நேரந்தான்க்கா. அதை எடுத்துப் பந்தயத்துல வைக்க உங்களுக்கு யாரு சொன்னா?" எனக்கும் இருப்பது அது ஒன்றுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நானும் நர்ஸும் ஆடுவதாக முடிவானது. அவள் உயரம், எனக்குத் திமிர்.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி செய்தோம். புது ஷூவைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொண்டேன். ஸ்கூட்டியின் பிரேக்கைச் சரிசெய்தேன். களத்துக்கு வெறுங்காலில் போய் அங்கேதான் ஷூவை மாட்டுவேன். ஆனால் சனிக்கிழமை பயிற்சி முடிகிற நேரத்தில் கணவர் போன் செய்தார். "நம்ம தெற்கு வயல் மடை உடைஞ்சிருக்காம், பக்கத்துலதான நிக்கிற, ஒரு எட்டு பார்த்துடு." ஓடினேன். எட்டிப் பார்ப்பதற்குள் வரப்புச் சரிந்து, முழங்கால்வரை சேற்றில் நின்றேன், ஷூவோடு.

வீட்டுக்கு வந்து கழுவினேன். நனைந்த ஷூ இரண்டும் அரை அரைக் கிலோ கனத்தன. அன்றைக்கு விட்டு விட்டு வெயில் அடித்தது. ஆனால் வெயிலில் வைக்கக் கூடாதே! சூடு பட்டால் பசை விட்டுவிடுமே! அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவில் போட்டுக் காய வைப்பதில்லையா? எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு நெல் குவிந்திருந்தது. முதல் நாள்தான் மிஷின் வைத்து அறுத்துக் கொண்டுவந்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு டப்பா அரிசி போனைக் காயவைக்கும் என்றால், இத்தனை மூட்டை நெல் ஷூவைக் காயவைக்காதா?

நெல்லுக்குள் செருப்பு வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாமலில்லை. எங்கள் ஊரில் நெல்லைத் தெரியாமல் மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதனால் ஷூவைக் கணவரின் சலவை வேட்டியில் நாலு சுற்றுச் சுற்றினேன். லட்சுமி கண்டுபிடிக்கமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. தோள்வரை கையை விட்டு, குவியலின் நடு மத்தியில் புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு விடியற்காலை கையை விட்டு எடுத்தேன். வேட்டி கதகதவென்று இருந்தது. ஆகா, நன்றாகக் காய்ந்துவிட்டது என்று குதித்தேன். கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நெல்லுக்குள்ள என்ன தேடுற?"

சொன்னேன்.

"அடிப்பாவி! நெல்லுக்குள்ள செருப்பா?"

"ஷூங்க. புதுசுங்க. வேட்டியிலதான் சுத்தி வச்சேன்."

"என் வேட்டியிலயா?" அவர் எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியாமல் தவித்தார். "அது கிடக்கட்டும். அறுத்த ஈர நெல்லு குவிச்சா உள்ள புழுங்கும்னு உனக்குத் தெரியாது? நேத்துச் சாயங்காலமே கைய விட்டுப் பார்த்தேன், கொதிக்குது. இன்னிக்குக் களத்துல கொட்டலைன்னா முளைச்சிடும். வெயில்ல வைக்கக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னா, நீ அவிச்சு எடுத்திருக்கியே!"

தெரியாதா? இருபத்து மூன்று வருஷமாக நெல் குவியலில் கையை விட்டுச் சூடு பார்க்கிறவள் நான். ஷூ என்று வந்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. ஷூவை அழுத்திப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. நெல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கம்மா" என்று சொல்லிக் கிளம்பினேன்.

களத்தில் ஊரே நின்றது. பாதித் தரையில் நெல் குவியல்கள், மீதியில் எங்கள் கோர்ட். கேப்டனும் இன்னொரு பையனும் வெள்ளை ஷூவில் நின்றார்கள். ஆறுக்கு நாலு என்று நாங்கள் முன்னால் இருந்தபோது என் வலது ஷூவின் அடிப்பகுதி முன்னால் வாயைப் பிளந்தது. டப் டப் என்று தாளம் போட்டபடி ஆடினேன். ஒன்பதுக்கு எட்டில் ஒரு பந்தை எட்டி அடிக்கக் காலை வீசினேன். பந்து வலையில் மாட்டியது. ஷூவின் அடி மொத்தமாகக் கழன்று, வலைக்கு மேலே பறந்து, எதிர்க்கோர்ட்டில் கோட்டுக்குள் அழகாக விழுந்தது.

கேப்டன் அதை எடுத்துத் தட்டி, இரண்டு கையாலும் வலைக்கு அடியில் நீட்டினான். "அத்தை, உங்களுது." அவ்வளவுதான், களம் முழுக்க ஓவென்று சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அப்புறம் சிரிக்கலாம், இப்ப ஆடுங்க" என்று பல்லைக் கடித்தாள்.

இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் இறங்கினேன். என்ன சுகம்! தரை என் தரை. அதற்குள் அடித்த காற்றில் குவியலிலிருந்து சிதறிய நெல்மணிகள் கோர்ட்டுக்குள் வந்திருந்தன. பையன்கள் காலைத் தூக்கிக் குதித்து வைக்கிறவர்கள், ஒவ்வொரு மணியும் அவர்கள் ஷூவுக்கு அடியில் உருண்டது. கேப்டன் இரண்டு தடவை சறுக்கி உட்கார்ந்தான். நாங்கள்தான் காலைத் தூக்குவதே இல்லையே! போகிற வழியில் நெல்லை ஒதுக்கிக்கொண்டே போனோம். பெண்கள் பக்கத்திலிருந்து "துழாவு! துழாவு!" என்று கத்தல் கிளம்பியது. என் கட்டைவிரல் தோல் உரிந்து எரிந்தது, அது யாருக்கு வேண்டும்? பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அப்புறம் ஒரு பாயிண்ட் அவர்களுக்குப் போயிற்று.

அடுத்த பந்தில் நான் என் உயிரை வைத்து ஓங்கி அடித்தேன். கேப்டன் எட்டவில்லை. பந்து பின்கோட்டின் பக்கத்தில் விழுந்தது. உள்ளேயா வெளியேயா? நடுவராக நின்ற பெரியவர் அந்த நேரம் பார்த்துத் தும்மிக்கொண்டிருந்தார். பையன்கள் இரண்டு பேரும் கீழே விழுந்து கிடந்தார்கள். "இன்! இன்!" என்று எங்கள் ஆறு பேரும் கத்தினார்கள். கேப்டன்கூட, "இன்னாத்தான் இருக்கும்" என்று எழுந்தான்.

"அவுட்" என்றாள் நர்ஸ்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவுட்டுக்கா. நாலு விரல் தள்ளி விழுந்துச்சு. நான் பார்த்தேன்."

தோற்றுவிட்டோம். நான் அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, வெட்கமே இல்லாமல் அழுதேன். கேப்டன் வந்து பக்கத்தில் குந்தினான். "அத்தை, விட்டுடுங்க. நீங்களே ஆடுங்க காலையில." சத்தியமாக, அவன் மனசாரத்தான் சொன்னான். "சொன்னா சொன்னதுதான்" என்றேன். வாயால் கெட்டவளுக்கு அந்த வாயையாவது காப்பாற்ற வேண்டாமா? நர்ஸிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு நடந்தேன். பொய் சொல்ல வராதவளைப் பார்ட்னராக வைத்துக்கொண்டால் இப்படித்தான் என்று வழியெல்லாம் அவளைத் திட்டினேன், மனதுக்குள்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. எழுந்து என்ன செய்வது? படுத்தபடி ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி ஆனால் இனி பால், ஆறேகாலுக்குக் காபி, ஆறரைக்கு யாராவது வாசலில் நின்று பார்சல் வந்ததா என்பார்கள். இப்படியே சாகிறவரைக்கும். அப்போது போன் அடித்தது. நர்ஸ்.

"எங்கக்கா இருக்கீங்க? ஏழு பேரும் நிக்கிறோம்."

"எங்கடி நிக்கிறீங்க? களம் போயிடுச்சே."

"களம்தானே போச்சு? ஆறு மணிய யாரும் தூக்கிட்டுப் போகலையே. மெயின் ரோட்டுக்கு வாங்க."

பாய்ந்து எழுந்தேன். போட்டுக்கொள்ள ஷூ இல்லை. உரிந்த விரலுக்கு ஒரு துணியைச் சுற்றி, மகன் பத்தாவதில் போட்ட கருப்புப் பள்ளிக்கூட ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன். தார் ரோட்டின் குறுக்கே வலை கட்டியிருந்தது. ஒரு முனை விளக்குக் கம்பத்தில், மறு முனை எதிர் ஓரத்து வேப்பமரத்தில். கோலமாவால் கோடு போட்டிருந்தார்கள். நடவு வேலைக்குப் போகிறவள் என் காலைப் பார்த்துவிட்டு, "பிரேயருக்கு மணி அடிச்சாச்சா டீச்சர்?" என்றாள். ரேஷன் கடைக்காரி என் கையில் ராக்கெட்டைத் திணித்தாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "அது அவுட்தான்டி" என்றேன். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

தார் ரோடு சிமெண்ட்டைவிடக் கரடு. ஒரே வாரத்தில் எத்தனை ஷூ போகுமோ, போகட்டும். சிரித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் ஆடினோம். பதினொன்று பத்து என்று இருந்தபோது வளைவில் ஹார்ன் கேட்டது. தஞ்சாவூர் டவுன் பஸ். வலைக்கு முன்னால் வந்து நின்று, டிரைவர் இன்னொரு தடவை ஹார்ன் அடித்தார். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நீண்டன. வழி விட்டு ஒதுங்குவது நான் பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், யோசிக்காமலே ராக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலையை அவிழ்க்க ஓரத்துக்கு ஓடினேன்.

"அக்கா, எங்க ஓடுறீங்க?" என்றாள் நர்ஸ். "பாயிண்ட் முடியட்டும்."

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் கருப்பு ஷூவைப் பார்த்தார். கை நீட்டி இஞ்சினை அணைத்தார்.

திரும்பி என் இடத்துக்கு வந்து நின்று சர்வீஸ் போட்டேன்.